ஒரு நம்பர் பெரிய சூட்: சுங்கை வே குட்டையில் குளிர்ந்து போன கதை

வரிசை இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே இதில் வரப்போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. ஓய்வு பெற்ற பிறகு ஸ்கூபா டைவிங்கில் ஏன் இறங்கினேன்.
2. நீரில் குளிராமல் இருக்கப் போடும் சூட்டை வாங்கியது: கிள்ளான் கடையும் கோலாலம்பூர் கடையும்.
3. சுங்கை வேக்கு அப்பால் இருந்த குட்டைக்குப் போன வழி.
4. அடியில் இருந்த குளிர், கரையேறிய பின் உடம்பைச் சூடாக்கும் முறை.
5. உடன் இறங்குபவர் ஒரே ஒரு பொய் சொன்னாலும் அவரோடு மறுபடி இறங்கக் கூடாது என்பதற்கான காரணங்கள்.

நடந்தது 1993இல். விலைகள் எல்லாம் அன்றைய விலைகள். நான் தேர்ந்த முக்குளிப்பவன் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

அரசாங்கத் தணிக்கைப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீடு. ஒரே மகள் மாலினி, வயது இருபத்தேழு, மருந்தாளர். அவள் இரண்டு வருடமாக வார இறுதிகளில் டைவிங் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், தனக்கு அதைக் கற்றுக் கொடுத்த குணா என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். குணாவுக்கு முப்பத்தொரு வயது. கிள்ளானில் டைவிங் சாமான் கடை ஒன்றில் வேலை, சனி ஞாயிறுகளில் பயிற்சி கொடுப்பது. நாங்கள் யாழ்ப்பாணத்து வழி. அவர்கள் வீட்டார் ரப்பர் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு வந்தவர்கள். அந்த வித்தியாசத்தை நான் வாயால் சொல்லவில்லை. வேலை நிரந்தரமா, பாதி நாள் கடலில் இருக்கிறவர் எப்போது வீட்டில் இருப்பார் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன்.

மாலினி கோபப்படவில்லை. “அப்பா, ஃபைலைத் திறந்து பார்க்காம ஒரு கையெழுத்தும் போட்டதில்லன்னு ஊருக்கெல்லாம் சொல்வீங்களே. இந்த ஃபைல் தண்ணிக்கடியில இருக்கு. இறங்கிப் பார்த்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்க” என்றாள்.

அவள் கிண்டலாகச் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஓரளவு நீச்சல் தெரியும். டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிச் சான்றிதழ் வாங்கினேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நீச்சல் குளத்தில் குணாவிடமே சில சனிக்கிழமைகள் பயிற்சி எடுத்தேன். என் மனைவி ஜாதகத்தைப் பார்க்கச் சொன்னார். நான் ஆளைப் பார்க்கப் போனேன். பார்த்தவரை குறை எதுவும் கிடைக்கவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பெண்ணைப் பெற்றவனுக்கு முன்னால் யார்தான் ஒழுங்காக நடக்க மாட்டார்கள்?

குளம் முடிந்ததும் குட்டை என்றார் குணா. கடலுக்குப் போவதற்கு முன் கலங்கிய, ஆழமான நீரில் ஒரு முறை இறங்கிப் பழக வேண்டுமாம். “அங்க அடியில குளிரும் அங்கிள். சூட் இல்லாம வேணாம். கடைக்கு வாங்க, அளவு பார்ப்போம்.” சாமான் கடையில் வேலை செய்கிறவர் சாமான் வாங்கச் சொல்கிறார். இதைக் குறித்துக்கொண்டேன்.

கோலாலம்பூர் பஸ் நிலையத்திலிருந்து கிள்ளான் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நெரிசலில் ஒரு மணி நேரம் ஆனது. கடை சின்னது, உள்ளே ரப்பரும் டால்கம் பவுடரும் கலந்த வாசனை. சூட்கள் தொங்கிய கம்பியில் மற்ற அளவுகள் எல்லாம் தீர்ந்துபோய் ‘எம்’ மட்டும் நாலைந்து மிஞ்சியிருந்தது. குணா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்த ‘எம்’மில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

திரைக்குப் பின்னால் அதற்குள் நுழைய நான் பட்ட பாடு பெரிது. மூன்று மில்லிமீட்டர் தடிப்பான ரப்பர், காலிலிருந்து கழுத்துவரை ஒரே துணி. ஜிப் முன்பக்கம் வரும்படி போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முதலாளியம்மா சட்டென்று கணக்குப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“ஜிப் முதுகுல வரணும் அங்கிள்” என்றார் குணா, சிரிக்காமல்.

திருப்பிப் போட்டேன். வயிறு, தொடை எல்லாம் அச்சு எடுத்ததுபோல் தெரிந்தது. முப்பது வருடம் முழுக்கைச் சட்டையை இறுக்கமில்லாமல் தைத்துப் போட்டவன் நான். எங்கள் வீடுகளில் துணி என்றால் ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமாக உடுத்துவது விடலைகளின் வேலை.

“தம்பி, மூச்சு முட்டுது.”

“பேசுறீங்கல்ல அங்கிள்? அப்ப மூச்சு வருது. இது தோல் மாதிரி ஒட்டணும். உள்ள போற கொஞ்சம் தண்ணி உங்க உடம்புச் சூட்டுல சூடாகி அங்கேயே நிக்கும், அதான் கணக்கு. லூசா இருந்தா சூடான தண்ணி வெளிய ஓடிரும், புதுசா குளிர்ந்த தண்ணி உள்ள வந்துரும்.”

விளக்கம் நன்றாக இருந்தது. விற்காத சரக்கைத் தள்ள வேண்டியவரும் இதே விளக்கத்தைத்தான் சொல்வார். விலை 280 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் ஒரு பெரிய கடைக்குத் தனியாகப் போனேன். அங்கே எல்லா அளவும் இருந்தது. விற்பனையாளர் நான் எதைத் தொட்டாலும் “நைஸ், அங்கிள், நைஸ்” என்றார். அவரை நான் சந்தேகப்படாதது இன்றும் எனக்கு வியப்பு. நான் கேட்க விரும்பியதையே அவர் சொன்னதால் இருக்கலாம். ‘எல்’ எடுத்தேன், 310 வெள்ளி. முழங்காலில் மடிப்பு விழுந்தது, இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தது. மரியாதையாக இருந்தது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குணாவின் வேனில் மூவரும் கிளம்பினோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுங்கை வே ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். தொழிற்சாலைகளைத் தாண்டிச் செம்மண் பாதை தொடங்கியது. அதன் முடிவில் பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டை, நாலு பக்கமும் வெள்ளை மணல் மேடு. வாசலில் இருந்த காவல்காரர் குணாவைப் பார்த்ததும் சங்கிலியை அவிழ்த்தார். அனுமதிச் சீட்டைக் கேட்டு வாங்கி நானே படித்தேன், ஒழுங்காகத்தான் இருந்தது. காற்று டாங்கியின் வாயைத் திறந்து முகர்ந்தேன். எண்ணெய் நாற்றம் இல்லை, காற்று சுத்தம்.

சூட்டைப் போட்டுக்கொண்டு நான் வந்து நின்றபோது குணா என் கழுத்துப்பக்கம் இருந்த இடைவெளியைப் பார்த்தார்.

“எங்க வாங்கினீங்க அங்கிள்?”

“கே.எல்லில. ஏன், சரியில்லையோ?”

“கொஞ்சம் பெருசு. இன்னிக்கு ஆழமா வேணாம், சீக்கிரம் ஏறிருவோம். குளிருச்சுன்னா உடனே காட்டுங்க, வெக்கப்படாதீங்க.”

“அப்பா பஜு மிலாயு தச்சுப் போட்டுட்டு வந்திருக்காரு லா” என்றாள் மாலினி, மலாய்க்காரர்களின் தொளதொளச் சட்டையை நினைத்து. அவள் கரையிலேயே இருந்து எங்கள் கயிற்றைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் என்று பயமுறுத்தியதும் வியாபாரம்தான் என்று நினைத்தேன். குணா முன்னால், நான் பின்னால், கயிற்றைப் பிடித்து இறங்கினோம். பச்சை நீர், கை நீட்டினால் விரல் மங்கும். எட்டு மீட்டர்போல வந்ததும், யாரோ கோடு போட்டுப் பிரித்ததுபோல் நீர் மாறியது. அதற்குக் கீழே இருபத்துநாலு டிகிரி என்று குணாவின் மீட்டர் காட்டியது. இருபத்துநாலு என்பது அறைக்குள் சுகமான சூடு. நீரில் அப்படி அல்ல. காற்றைவிடப் பல மடங்கு வேகமாக நீர் உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதிலும் என் சூட் துருத்திபோல வேலை செய்தது. கை அசைத்தால் கழுத்து வழியாகக் குளிர்ந்த நீர் முதுகுத்தண்டில் இறங்கும். கால் அசைத்தால் கணுக்கால் வழியாக வெளியேறும். ஆழத்தில் ரப்பரும் நசுங்கி மெலிந்துவிடுகிறது.

குணா பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கிக் காட்டினார். சரியா என்று கேள்வி. நான் பதிலுக்கு வட்டம் காட்டினேன், சரி. சற்று நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி சரி. மூன்றாவது முறை என் விரல்கள் வட்டமாகச் சேரவில்லை. இடது கையால் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். ‘எல்’ வாங்கியவன் நான். அந்தக் குளிரை அவரிடம் ஒப்புக்கொள்வதைவிட விறைத்துப் போவது மேல் என்று பட்டது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நேரம் பார்ப்பதுபோல், நகங்களைப் பார்த்தார். பிறகு பெருவிரலை மேலே காட்டினார். ஏறு. என் டாங்கியில் பாதிக்கு மேல் காற்று இருந்தது, மீட்டரைத் தட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என் கையை விடாமல், மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்தார்.

“என்ன, அதுக்குள்ள?” என்றாள் மாலினி.

“என் காது லா. அடைச்சுக்கிச்சு. சாரி அங்கிள், உங்க டைவை நான் கெடுத்துட்டேன்.”

அது பொய் என்று எனக்கு உடனே தெரிந்தது. காது அடைப்பது பெரும்பாலும் இறங்கும்போது. இவர் எனக்கு முன்னால் ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியவர். தணிக்கையில் இருந்தவனுக்குப் பொய் பெரிதா சிறிதா என்பது முக்கியம் அல்ல, எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் முக்கியம். இவருக்குக் கண் இமைக்காமல் வந்தது. என் மகளைப் பார்த்துச் சொன்ன பொய். நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் என்னால் காலில் இருந்த துடுப்பின் வாரைக்கூட அவிழ்க்க முடியவில்லை. குணா மாலினிக்கு முதுகைக் காட்டி எனக்கு முன் குந்தி உட்கார்ந்து, நேற்றைய பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வார்களை அவிழ்த்தார், ஜிப்பை இறக்கினார், உலர்ந்த துண்டைத் தோளில் போட்டார், கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டினார். “மாலினி, வேன்ல பிளாஸ்க் இருக்கு, எனக்குக் காதுக்குச் சூடா ஏதாவது வேணும்” என்று அவளை அனுப்பினார். அதில் இருந்தது தே ஹாலியா, இஞ்சி போட்ட தேநீர்.

அவள் போனதும் கேட்டேன். “தம்பி, உமக்குக் காதில ஒண்டும் இல்லையே?”

“இல்ல அங்கிள்.”

“பிறகேன் பிள்ளையிட்டப் பொய் சொன்னீர்?”

அவர் என் துடுப்பைத் தட்டி மணலை உதறினார். “அப்பா விறைச்சுட்டாருன்னு சொன்னா அவ உங்கள இனிமே குளியலறையில கூடத் தனியா விட மாட்டா. நீங்களும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டீங்க.” அடுத்த துடுப்பை எடுத்தார். “அது சரி, கீழ மூணு தடவை ஓகேன்னு காட்டினது யாரு? இன்னிக்கு முதல்ல பொய் சொன்னது நானா அங்கிள்?”

பல் கிட்டத் தொடங்கியது, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். 

மாலினி பிளாஸ்கோடு வந்தாள். குணா காதைப் பிடித்துக்கொண்டு முதல் கோப்பையை என்னிடம் கொடுத்தார். பாதி குடித்த பிறகு என் நாக்கு இளகியது. “பிள்ளை, அவற்ற காதுக்கு ஒண்டுமில்ல. எனக்குத்தான் குளிர் தாங்கேல்ல. சூட் பெருசு” என்றேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா?” என்று துண்டால் அவர் முதுகில் அடித்தாள், ஓசை கேட்கும்படியாகவே.

திரும்பும் வழியில் குணாவிடம், வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வாங்கோ என்றேன். வேன் கொஞ்சம் வளைந்து ஓடியது. அவர் பதற்றப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

போக நினைப்பவர்களுக்கு: நம் நாட்டுக் கடலில் மூன்று மில்லிமீட்டர் சூட் பெரும்பாலும் போதும். மெலிந்த உடம்பு, வயது, ஒரே நாளில் பல முறை இறங்குதல் என்றால் ஐந்து. தடிப்புக் கூடினால் மிதப்பும் கூடும், இடுப்பில் ஈயம் கூடுதலாகக் கட்ட வேண்டும். கடையில் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். கழுத்தில், இடுப்பில் விரல் நுழையக் கூடாது, ஆனால் முழு மூச்சு இழுக்க முடிய வேண்டும். கரையேறியதும் முதல் வேலை ஈரத்தைக் களைவது, அதற்குப் பிறகுதான் பேச்சு. காற்றுப் படாமல் உட்காருங்கள், தலையை மூடுங்கள், சூடாக எதையாவது குடியுங்கள். நடுக்கம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். டாங்கியை எப்போதும் நீங்களே முகர்ந்து பாருங்கள். குணா நிரப்பியதையும் நான் முகர்ந்து பார்த்துத்தான் முதுகில் ஏற்றுவேன், அவரும் மூடியைத் திறந்து நீட்டுவார்.

இனி ஐந்தாவது. இந்த விதியைப் பல பேருக்குப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இங்கேயும் காரணங்களோடு எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஒரு காரணமும் நிற்கவில்லை. அந்தப் பொய்க்குப் பிறகு, டாக்டர் போதும் என்று சொல்லும்வரை, நான் இறங்கிய ஒவ்வொரு முறையும் அவரோடுதான் இறங்கினேன். வேறு யாரோடும் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஐந்தாவது விதி தவறு.