தூண்டில் மேடையில் தனபாக்கியம் அக்கா

மலேசியாவில், அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் ஆற்றோரத்தில் அரசாங்கம் மீன்குஞ்சுப் பண்ணை கட்டியது. கூடவே தூண்டில் போட வருகிறவர்களுக்கு மரமேடை, கழிவறை, கார் நிறுத்துமிடம் எல்லாம் வந்தன. நான் அங்கே டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். தனபாக்கியம் அக்காவுக்குப் பண்ணையில் வேலை. ஓரளவு வளர்ந்த, ‘பத்தின்’ எனப்படும் கெளுத்தி வகை மீன்குஞ்சுகளை வாளியில் கொண்டுவந்து மேடையடியில் ஆற்றில் விடுவார். விட்டதும் விறுவிறுவென்று நடந்துவிடுவார், திரும்பியே பார்க்கமாட்டார்.

திறப்பு விழாவிலும் அப்படித்தான். படம் எடுக்க வந்தவர் தொண்டை வற்றக் கத்தியும் அவர் திரும்பவில்லை. மேனேஜர் அதைத் திமிர் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடை வருவதற்கு முன்னால் அதே இடத்தில்தான் அக்கா தன் ஒரே மகன் ஜெகதீசனின் சாம்பலைக் கரைத்தார். மோட்டார் விபத்தில் போனவன். சாம்பல் கரைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும், பார்த்தால் போன உயிர் கூடவே வந்துவிடும் என்பார்கள். அந்தத் தண்ணீரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் அக்கா அந்த வழக்கத்தைக் காத்தார். இது திமிரா?

போன மாதம் அக்காவுக்குப் பணி ஓய்வு. கடைசி வாளியைக் கவிழ்த்துவிட்டுப் படியேறியவர், மெல்லத் திரும்பி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பகீரென்றது. "அக்கா, திரும்பிப் பாக்கக் கூடாதே! கூடவே வந்துருவானே!"

"வரட்டும்லா," என்றார். "நாளையிலேர்ந்து வீட்டுல நான் தனியாத்தானே இருக்கப்போறேன்."