கழிவில் எழுதிய இருபத்தொரு சாண்ட்விச்

உதிரிப் பாகக் கிடங்கில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவனுக்கு நாலு ரொட்டித் துண்டை அடுக்கி வைக்கத் தெரியாதா? இப்படித்தான் அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். தெரியாது என்று பதில் சொல்ல அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கிடங்கில் அவருக்கு லேபிள் அண்ணன் என்று பெயர். திருகாணி டப்பா முதல் தன் தேநீர்க் கோப்பை வரை எதன்மேலும் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டாவிட்டால் அவருக்குக் கை அரிக்கும். தண்ணீர்க் குழாயில் 'தண்ணீர்' என்று ஒட்டியிருக்கிறார் என்று ஊழியர்கள் கதை கட்டிவிட்டார்கள். அது பச்சைப் பொய். குழாய்க்கு எண் மட்டும்தான் கொடுத்திருந்தார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. போர்வையும் உறையும் துவைத்து மடித்து வார்டு வாரியாக அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று மேலிடத்துக்கே தெரிந்துபோய், அதிகாலை ஷிஃப்ட்டுக்கு மேற்பார்வையாளராக வருகிறீர்களா என்று ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். சம்மதமா இல்லையா என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்," என்றார் மனைவி. "அஞ்சே காலுக்கெல்லாம் நான் கிளம்பிட்டா உங்களுக்கு, எனக்கு, பாப்பாவுக்குன்னு மூணு பேர் சாப்பாட்டு டப்பாவ யார் கட்டறது? தினமும் வெளியில வாங்கினா கட்டுப்படியாகுமா?"

சொல்லிவிட்டு அந்தப் படிவத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். வேண்டாம் என்று முடிவு செய்தவர் அப்படிப் படிக்கமாட்டார். அது லேபிள் அண்ணன் கண்ணில் பட்டது.

"டப்பாதானே? விடு. அத நான் பாத்துக்கறேன்."

அந்த 'தானே'யை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் அசடு வழிகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் கடையில் ரொட்டி பாதி விலைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று பேர், இரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஆக முப்பது சாண்ட்விச். ஒவ்வொன்றிலும் அவித்த முட்டை, வெள்ளரிக்காய், தக்காளி, தாராளமாக மயோனைஸ். தனித்தனியாகச் சுற்றி, எண் போட்டு, தேதி போட்டு, ஃப்ரீசரில் வரிசையாக அடுக்கினார். காலையில் எடுத்து டப்பாவில் போட்டால் மத்தியானத்துக்குள் பதமாக இளகிவிடும். இத்தனை நாளாக இதற்கா இவள் விடிவதற்குள் எழுந்து மாரடித்தாள் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் கிடங்கில் எல்லோரும் பார்க்கத் தோரணையாக டப்பாவைத் திறந்தார். அடியில் தண்ணீர் நின்றது. ரொட்டி கஞ்சியாகியிருந்தது. முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் பல்லுக்குப் பிடிகொடுக்காமல் நின்றது.

பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, ரப்பர் வாஷர் ஸ்டாக்ல ஒண்ணு குறையுதுன்னு தேடினீங்களே, இதுக்குள்ள இருக்கா?"

அவர் தேடிய வாஷரை லேபிள் அண்ணன் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

வெள்ளரியும் தக்காளியும் உறைந்து இளகினால் நீராகிவிடும், முட்டை ரப்பராகிவிடும், மயோனைஸ் திரிந்துவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மனுஷர் சளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே புதிதாகப் பதினைந்து செய்தார். ரொட்டியின் இரண்டு பக்கமும் வெண்ணெய், நடுவில் வெந்த கோழியும் சீஸும். ஒன்றை உறைய வைத்து இளக்கித் தின்றும் பார்த்தார். உண்மையாகவே நன்றாக இருந்தது.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கிடங்குக்காரர். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும், அதுதான் சட்டம். நல்ல சாண்ட்விச்சைப் பின்னால் தள்ளி, நாறல் சாண்ட்விச்சை முன்னால் இழுத்து வைத்தார்.

"அப்பா, பின்னாடி இருக்கறத எடுத்துக்கறேனே," என்று மகள் கெஞ்சினாள்.

"பழசு தீரட்டும், குட்டி. பதினாறு வருஷத்துல நான் வரிசைய மாத்தினதே இல்ல."

புதன்கிழமை மகளின் டப்பா சுத்தமாகத் திரும்பி வந்தது. பரவாயில்லையே என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டிதான் சாப்பிட்டது என்று அவள் அம்மாவின் காதில் சொன்னது அவருக்கும் கேட்டுத் தொலைத்தது. மனைவி அந்த டப்பாவை வாங்கி மறுபடி ஒரு தடவை கழுவி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சமையலறையில் கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. படுக்கையில் கிடந்தபடியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று டப்பாவும் ஒவ்வொன்றாக மூடும் சத்தம் வந்தது. இவள் மீண்டும் எழுந்துவிட்டாள் என்றால் அந்தப் படிவத்தில் என்ன எழுதப் போகிறாள் என்று கேட்கவே வேண்டாம். மனைவி ஆசைப்பட்ட ஒன்றைத் தன் வறட்டுச் சட்டத்தால் கெடுத்த வெட்கத்தில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இன்னொன்றும் சேர்ந்து உறைத்தது. கல்யாணமாகிப் பதினாலு வருடம் இந்தச் சத்தம் தினமும் கேட்டிருக்க வேண்டும். அவர் குறட்டையில் இருந்திருக்கிறார். டப்பாவைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் இரண்டே புகார், இரண்டும் உப்பைப் பற்றி.

அன்று சாயங்காலம் கிடங்கிலிருந்து ஒரு தாளோடு வந்தார். கெட்டுப்போன சரக்கை வரிசையிலிருந்து தூக்கி எறிய ஒரே வழிதான் உண்டு. கழிவுப் பட்டியல் எழுத வேண்டும், மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். லேபிள் அண்ணன் தாளை அவர் முன்னால் நீட்டினார்.

"என்னது இது?"

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடு. நீ போட்டாத்தான் வெளியில எறிய முடியும். இனிமே பின்னாடி இருக்கறதுதான். வெள்ளரிக்காய அன்னன்னிக்குக் காலையில நான் எழுந்து நறுக்கிக்கறேன். பாப்பாவும் தின்னு பாத்து சரின்னு சொல்லிட்டா."

மனைவி வாசித்தார். பொருள், முட்டை சாண்ட்விச். எண்ணிக்கை, இருபத்தொன்று. கெட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் 'கிடங்குக்காரர்' என்று இருந்தது. மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடித்த துணி கலைய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கடைசி வரிக்கு வந்தார்.

'இதற்கு முன் இருந்த பொறுப்பாளர் காலத்தில், பதினாலு வருடத்தில், கழிவு: ஒன்றுமில்லை.'

சிரிப்பு நின்றது. அந்த வரியை விரலால் தொட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

"அந்தப் படிவத்தையும் எடுத்துட்டு வாங்க," என்றார்.