மாப்பிள்ளைக்கு வைத்த நண்டு

காலை ஆறேகாலுக்கு இலுப்பூரில் பஸ் ஏறினேன். புதுக்கோட்டை வரைக்கும் மகளிருக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ். பையில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் மணப்பாறை முறுக்கு. செல்போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

அது என் வீட்டுக்காரருடைய போன். அவர் காலமான பிறகு மருமகள் அதை என்னிடம் கொடுத்து, நான் பிறந்த மீமிசல்காரர்களின் வாட்சப் குரூப்பில் சேர்த்துவிட்டாள். மஸ்கட், சிங்கப்பூர், சென்னை என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் இருக்கிறார்கள். உள்ளூரில் இருக்கிற யாராவது காலையில் மீன் வந்து இறங்குவதைப் படம் பிடித்துப் போடுவார்கள். எல்லாரும் ஏங்குவோம்.

போனில் அவர் பேரும் படமும் அப்படியே இருந்தன. குரூப்பில் வந்திருப்பது அவர்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் வளர்ந்த காசி, மஸ்கட்டிலிருந்து முதல் நாளே எழுதினான்: "வாங்க மச்சான், நண்டு ஒடைக்கக் கத்துக்கிட்டீங்களா?"

கல்யாணமான புதிதில், எங்கள் வீட்டு விருந்தில் அவர் நண்டை ஓட்டோடு கடித்துவிட்டார். இலுப்பூரில் ஏது நண்டு? ஊரே சிரித்தது. மாப்பிள்ளையைக் கேலி செய்யாமல் விடுகிற ஊரா எங்கள் ஊர்?

யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத கொரோனா நேரத்தில் அவர் தவறிப்போனார். மீமிசலில் எங்கள் வீட்டு ஆட்கள் யாருமில்லை, செய்தி போய்ச் சேரவில்லை. குரூப்பில் எழுதிவிடலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன். எழுதினால் மறுநாள் முதல் அவரை மச்சான் என்று கூப்பிட ஆளிருக்காது. சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

போன வாரம் வந்த மீன் படத்தில், கூடையைப் பிடித்த, பச்சை குத்திய ஒரு கை தெரிந்தது. என்னோடு அஞ்சாவது வரை படித்த செல்லத்தின் கை. பார்க்க வேண்டும் போலிருந்தது. 'வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மீமிசல் வாரேன்' என்று எழுதிவிட்டேன்.

எட்டரைக்கு அறந்தாங்கி. டீ பன்னிரண்டு ரூபாய், தண்ணியாக இருந்தது. மீமிசல் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்.

"பொறந்த ஊருக்காம்மா?"

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"முறுக்கும் பழமுமா பை நெறைய வச்சிருக்கீங்க. புகுந்த வீட்டுக்கா இம்புட்டுச் செமந்துக்கிட்டுப் போவீங்க?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆவுடையார்கோவில் தாண்டியதும் காற்று மாறியது. உதட்டை நக்கினால் உப்பு.

பத்து மணிக்கு இறங்கினேன். செல்லம் நின்றிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்கடி? டீக்கடையில நிக்கிறாரா? காசி போன் பண்ணி நண்டு வாங்கச் சொன்னான். அவரு எலையில வச்சு வீடியோவுல காட்டணுமாம்."

"அவரு கொரோனாவுலயே போயிட்டாருடி."

அவள் கையை விடவில்லை. அப்படியே நடந்தோம்.

"அப்ப தெனமும் பொம்மை போட்டது?"

"நாந்தான்."

"காசிகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

வீட்டில் இலை போட்டு, சிவக்கச் சிவக்க நண்டுக் குழம்பு வைத்தாள். சோற்றில் கை வைக்குமுன் காசியே கூப்பிட்டுவிட்டான். செல்லம் போனை என் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"மச்சானக் காட்டுங்க செல்லக்கா."

போனைப் பார்த்துச் சொன்னேன்: "அவரு இல்லப்பா காசி. போயி ரொம்ப நாளாச்சு. குரூப்புல இருக்கது நாந்தான். நீ அவரக் கூப்புடுறது கேக்க நல்லாருந்துச்சு, அதான் சொல்லல."

காசி முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அக்கா, நீங்களாச்சும் நண்டு ஒடைப்பீங்களா, இல்ல இலுப்பூர்லயே இருந்து மறந்துட்டீங்களா?"

நண்டுக் கால் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஓடு பல்லில் மாட்டிக்கொண்டது. செல்லம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். இலுப்பூரில் இத்தனை வருசமும் என்னை மீமிசல்காரி என்றுதான் சொல்கிறார்கள். அறந்தாங்கி வருவதற்குள் போன் மூன்று தடவை சத்தம் போட்டது. காசி குரூப்பில் சொல்லியிருப்பான்; முதல் இரண்டும் அவருக்காகத் துக்கம் விசாரித்தவை. மூன்றாவது காசி: "இலுப்பூர்க்காரம்மா, வீட்டுக்குப் போயிட்டு எழுதுங்க. மச்சான் படத்த மாத்த வேணாம்."

மாற்றவில்லை.