காற்று மலைப்பக்கம் போனால் மிளகாய் அரைக்கலாம்

கொடிக்கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் புடவை திடீரென்று திரும்பி மலைப்பக்கமாகப் பறந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. அதுவரை மொட்டை மாடியில் நின்று விடாமல் தும்மிக்கொண்டிருந்த எனக்குத் தும்மல் நின்றுபோயிருந்தது. பக்கத்து மாவு மில் நின்றுவிட்டதா என்றால் அதுவும் இல்லை. கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அரைபட்டதும் மிளகாய்தான். ஆனால் புடவை போன திசைக்கே நெடியும் போய்விட்டது.

"அம்மா, காத்தும்மா! எல்லாத்துக்கும் காத்துதான் காரணம்!" என்று கத்தியபடி கீழே ஓடினேன்.

அம்மா வேறு காற்றைப் புரிந்துகொண்டாள். "உச்சி வெயில்ல மொட்டை மாடிக்குப் போவாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா?" என்று திட்டிக்கொண்டே திருநீற்றை எடுத்து என் நெற்றியில் அப்பி, மிச்சத்தை வாயில் போட்டாள். நான் சொல்வது வீசுகிற காற்று, பிடிக்கிற காற்று இல்லை என்று விளக்குவதற்குள் முகம் முழுக்க வெள்ளையாகிவிட்டது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. அங்கேயே வீடு கட்டி, மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் அண்ணாமலையார் மலைக்கும் நடுவே அந்த மில். மனை பார்க்க வந்த அன்று "பக்கத்துலயே மில்லு, எவ்ளோ சௌகரியம்!" என்று பூரித்தவள் அம்மாதான். அரிசியோ கேழ்வரகோ அரைக்கிற நாளில் தெருவே மணக்கும். ஆனால் வெயில் ஏறிவிட்டால், ஒரு வருஷத்துக்கான குழம்பு மிளகாய்த்தூளை ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அரைக்கக் கொண்டுவருவார்கள். அத்தனை மிளகாயின் காரமும் எங்கள் சன்னல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். அதனால் மாடிக்குக் குடிவந்தவர்கள் எல்லாரும் குளிருக்கு வந்து கோடைக்குப் போய்விடுவார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் காலி செய்துகொண்டு போகும்போது, "வீடு ரொம்ப நல்ல வீடு சார். மூக்குதான் ஒத்துக்கல" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகு வந்தவள் மாடி அக்கா. கீழ்பென்னாத்தூர்க்காரி. அவள் வீட்டுக்காரர் காலையில் பைக்கில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தாய்வீட்டில் பிரசவம் முடிந்து அவள் கைக்குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய அன்றைக்கே எங்கள் வீட்டு நடைமுறை மாறிவிட்டது. பாப்பாவுக்குத் தலை கொள்ளாத முடி. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டது மாதிரி ஒரு மடிப்பு. என் சுண்டுவிரலைப் பிடித்தாளானால் விடவே மாட்டாள். நான் ஒற்றைப் பிள்ளை, அப்படி யாரும் என்னைப் பிடித்துவைத்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல், வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று ஏறிவிடுவேன். தூங்கும் குழந்தையை நான் எழுப்பியதே கிடையாது. தூங்குகிறாளா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அம்மா என்னைவிட ஒரு படி மேல். எண்ணெய் தேய்ப்பது, மூக்கை நீவிவிடுவது, சாம்பிராணி போடுவது எல்லாம் அவள் இலாகா. "நீ செத்த ரெஸ்ட் எடு கண்ணு" என்று அக்காவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொள்வாள். அக்கா சுவரோரமாக நின்றபடியே ரெஸ்ட் எடுப்பாள்.

பங்குனி பிறந்தது. மில்லில் மிளகாய் விழுந்தது. பாப்பா தும்ம ஆரம்பித்தாள்.

குழந்தை தும்மினால் கூட இருக்கிறவர்கள் 'நூறு' என்று சொல்ல வேண்டும். நூறு வயசு இருக்கட்டும் என்று அர்த்தம். ஒரு தும்மல்கூட 'நூறு' கிடைக்காமல் வீணாகிவிடக் கூடாது என்பதில் அம்மா கண்டிப்பானவள். கீழே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். மேலே பூனைக்குட்டி தும்முவது போல ஒரு சின்ன சத்தம். அம்மா கரண்டியோடு படியேறுவாள். "நூறு!" பாதிப் படியில் இன்னொன்று கேட்கும். "எரநூறு!" மிளகாய் அரைக்கிற நாளில் பாப்பாவின் ஆயுசு சாயங்காலத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அம்மா இறங்கினால் நான் ஏறுவேன்.

"நானே சொல்லிக்கறேன் ஆன்ட்டி, நீங்க எதுக்கு சும்மா சும்மா ஏறி வரீங்க" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"நீயே சின்னப் பொண்ணு. நீ சொன்னா எவ்ளோ பலிக்கும்?" என்றாள் அம்மா.

ஒரு நாள் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, தோளில் கிடந்த துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. மொளகா அரைக்கிற நாள்ல மேல இருக்கவே முடியல. அவரு வேற வீடு பாக்கலாம்னு சொல்றாரு."

"அந்த மில்லுக்காரன இன்னிக்கு உண்டு இல்லைன்னு பண்ணிடறேன் பாரு!" என்று அம்மா கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள்.

"அய்யோ, அவர ஒன்னும் சொல்லாதீங்க ஆன்ட்டி. அவரு பாவம்!" என்று அக்கா பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

என்ன ஒரு நல்ல மனசு என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டோம். ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா போனால் பாப்பா போய்விடுவாள். அடுத்த வீட்டில் யாருடைய விரலையோ பிடித்துக்கொள்வாள்.

மறுநாள்தான் புடவை பறந்தது. நெற்றித் திருநீற்றோடு நேராக மில்லுக்குப் போனேன்.

மில்கார மாமாவின் புருவம், காதுமடல் எல்லாவற்றிலும் மாவு படிந்திருக்கும். மிளகாய் நாளில் அதுவே சிவப்பாகிவிடும். ஆனால் மனிதர் தும்மி நான் பார்த்ததில்லை. "வாங்க கலெக்டரம்மா! என்ன, ஆய்வுக்கு வந்தீங்களா?" என்றார்.

"மாமா, காத்து மலைப்பக்கமா போறப்ப மட்டும் மொளகா அரைங்க. மத்த நேரத்துல அரிசி, கேவுரு அரைச்சிக்கோங்க. எங்க வீட்டுப் பாப்பா தும்மாது."

"நெடி மலைக்குப் போனா அண்ணாமலையாரு தும்மிட மாட்டாரா?"

"அவரே நெருப்பு மாமா. மொளகா அவர என்ன பண்ணும்?"

மாமா மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் உண்மையாகவே யோசித்தார். பச்சைக் குழந்தை தும்முகிற விஷயம் அவரையும் உறுத்தியிருக்க வேண்டும். "அது சரி, உள்ள நிக்கிற எனக்கு காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க மாடில கொடி கட்டறேன். வாசல்லேருந்து எட்டிப் பாருங்க. கொடி மலைப்பக்கம் பறந்தா மொளகா."

வீட்டில் கிடந்த இரண்டு துணிகளை எடுத்து, ஒன்றோடு ஒன்று தைத்து, ஒட்டடைக் கம்பில் கட்டி மொட்டை மாடியில் நட்டேன். மில்லிலிருந்து தெரிய வேண்டுமே என்று பளிச்சென்ற நிறங்களாகப் பார்த்து எடுத்திருந்தேன். என்னென்ன நிறம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

அது தேர்தல் சமயம்.

மில்கார மாமா பாவம், ஒவ்வொரு தடவையும் மிஷினைப் போடுவதற்கு முன் வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்தக் கொடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது சல்யூட் மாதிரியே இருந்திருக்கிறது. மிளகாய்ப் பையோடு வந்த ஒருவர் பையை இறக்காமலே சண்டைக்கு நின்றார்.

"ஏன்யா, நீ எப்பலேருந்து அந்தக் கட்சி? கும்புட்டுட்டுதான் மிஷினே போடறியாமே?"

"நம்ம மிஷினுக்கு ஏதுண்ணே கட்சி? நான் காத்து எந்தப் பக்கம்னு பாக்கறேன், அவ்ளோதான்!"

"அதத்தான் நானும் சொல்றேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் சாஞ்சிட்ட!"

அவர் மிளகாயைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, சாயங்காலக் கூட்டத்துக்கு மாமா அவசியம் வர வேண்டும் என்று தோளில் துண்டு போட்டுவிட்டுப் போனார். மாமா அந்தத் துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் மிஷினைத் துடைத்தார். அதற்கும் யாரோ கோபித்துக்கொண்டார்கள்.

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். தெருமுனையிலேயே மாடியைப் பார்த்திருக்க வேண்டும். வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல் மதிலில் சாய்த்துவிட்டுப் படியில் ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"யாரு கட்னது இத?"

"நான்தாம்ப்பா. காத்துக்கு."

"கவர்மெண்டு வேலைல இருக்கறவன் வீட்டு மாடில கட்சிக் கொடியாடி? சஸ்பெண்டு பண்ணி உக்கார வெச்சிடுவாங்கடி என்ன!" என்று ஒட்டடைக் கம்பைப் பிடுங்கினார். பின்னாலேயே துண்டும் கையுமாக மில்கார மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

நான் அழ ஆரம்பித்தேன். திட்டுக்காக அழவில்லை. கொடி போனால் மிளகாய் நெடி வரும், நெடி வந்தால் பாப்பா போய்விடுவாள் என்று அழுதேன். அழுகையின் நடுவே காற்று விஷயம் முழுவதையும் சொன்னதும் அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "யோசனை என்னவோ நல்ல யோசனைதான் சார். கலருதான் சரியில்ல" என்றார்.

இரண்டு பேரும் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிறம் தேட ஆரம்பித்தார்கள்.

"பச்சை?"

"அதுல ஒன்னு இருக்கு சார்."

"மஞ்சள்?"

"அதுலயும் இருக்கு. நீலமும் வேணாம்."

"வெள்ளைன்னா தோத்துட்டோம்னு அர்த்தம் ஆயிடும்."

"யாருகிட்ட சார் தோத்தோம்?"

கட்சி இல்லாத நிறமே உலகத்தில் இல்லை என்று இருவரும் சோர்ந்துபோனபோது, பாப்பாவின் துணிகளை உலர்த்த அக்கா பக்கெட்டோடு மேலே வந்தாள். மாமா பக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். இடுப்பில் கட்டுகிற முக்கோணத் துணி. அதில் பெரிதாக ஒரு வாத்துப் படம்.

"வாத்துச் சின்னத்துல யாராவது நிக்கறாங்களா சார்?"

அப்பா அதை ஓர் அலுவலகக் கோப்பைப் பார்ப்பது போலவே பார்த்தார். "உயிருள்ள பிராணிய இப்பல்லாம் சின்னமா குடுக்கறதில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினேன். "அப்ப இனிமே நெடியே வராதா?" என்று கேட்டாள்.

"வராதும்மா. நீங்க வேற வீடெல்லாம் பாக்கவே வேணாம்" என்றார் அப்பா.

"ஓ" என்றாள் அக்கா. அவ்வளவு சந்தோஷத்தில் வேறு வார்த்தை வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

வாத்து பறந்தது. மலையைப் பார்த்துப் பறந்தபோதெல்லாம் மாமா மிளகாய் அரைத்தார். தெருப் பெண்களும் பழகிக்கொண்டு, "வாத்து மலையப் பாக்குதுடி, சட்டுனு மொளகாய எடுத்தா" என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பாப்பா தும்முவதையே மறந்துவிட்டாள். சன்னலைத் திறந்து போட முடிந்ததால் மாடியில் காற்று நன்றாக வந்தது. அம்மா கீரை ஆய்வதையும் பூண்டு உரிப்பதையும் அங்கேயே வைத்துக்கொண்டாள். எனக்குப் பரீட்சை முடிந்து லீவும் விட்டுவிட்டார்கள். நினைத்த நேரமெல்லாம் ஏறினேன்.

அப்படி ஒரு நாள் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால், உள்ளே தாழ்ப்பாள். அதுவரை அந்தக் கதவு பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் மில் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன். சன்னலில் அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது.

"பாப்பா தூங்குதும்மா" என்றாள்.

"பரவால்லக்கா, சும்மா பாத்துட்டுப் போறேன்."

அக்கா என்னவோ சொல்ல வந்து, அதை விட்டுவிட்டு வேறு சொன்ன மாதிரி இருந்தது. "படிக்கட்டு சத்தத்துல முழிச்சிக்கிறா. அதான். மெதுவா எறங்கிப் போ, என்ன?"

மில்லின் சத்தத்தில் அசந்து தூங்குகிற குழந்தை என் கால் சத்தத்தில் எப்படி விழித்துக்கொள்ளும் என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எனக்கு இன்னொரு பிரச்சினை கிடைத்த உற்சாகத்தில் நுனிக்காலில் இறங்கி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"ஆமாண்டி, அந்த இரும்பு தடதடன்னுதான் கேக்குது" என்று அம்மாவும் ஒத்துக்கொண்டாள்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா, "கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் மேல போவாம இருந்துதான் பாருங்களேன்" என்றார்.

"பச்சப் புள்ளைய வெச்சிக்கினு ஒண்டியா கெடக்குறா. நாம போவாம வேற யாரு போவா?" என்று அம்மா அவரை அடக்கிவிட்டு, கோணி ஊசியைத் தேட ஆரம்பித்தாள்.

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

திட்டம் எனக்கு முழுசாகக் கிடைத்துவிட்டது. விடிந்ததும் மில்கார மாமாவிடம் பழைய சாக்குகள் கேட்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மடித்து வைத்து, அம்மா தைத்துக் கொடுக்க, நான் கயிறு போட்டு இறுக்கிவிடுவேன். அதன்பிறகு படிக்கட்டு மூச்சுக்கூட விடாது. நானும் அம்மாவும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் மேலே போய் வரலாம்.