பஞ்சர் அண்ணனின் ஆறு மணி

ஊசி ஏறும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பஞ்சர் அண்ணன் மட்டும் குனிந்து, குழாயில் ரத்தம் ஏறுவதையே பார்த்தார்.

"எங்க கடையில காத்து ஏத்துவோம், நீங்க ரத்தம் இறக்குறீங்க. ரெண்டும் டியூப்புதான் சார்."

வரிசையில் இருந்த அவருடைய ஓட்டக் கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை 'சார்' என்றதில் உள்ளூரக் குளிர்ந்திருந்தேன். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான்; ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டைப் போட்டால் என் நடையே மாறிவிடும்.

அவருடைய கூட்டாளிகள் பல் டாக்டர், வங்கி அதிகாரி, கல்லூரி ஆசிரியை என்று ஏழெட்டுப் பேர். பிழைப்புக்காக ஓடுகிறவர்கள் இல்லை, ஆசைக்கு ஓடுகிறவர்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானுக்கு இரண்டு மாதம் இருந்தது. பயிற்சியைக் கூட்டலாமா, யாருக்கு ஓய்வு வேண்டும் என்பதை ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பல் டாக்டர்தான் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். இரும்புச்சத்து, வைட்டமின், ஈரல், தசை எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று ஒரு பட்டியலே உண்டு.

படிவத்தில் முதல் கேள்வி: கடைசியாக ஓடியது எப்போது? முதலில் வந்த பல் டாக்டர் "வெள்ளிக்கிழமை. ரெண்டு நாள் யாரும் ஓடக்கூடாதுன்னு எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டேன்" என்றார். அன்று திங்கள். மீதி ஏழு படிவத்திலும் நானே 'வெள்ளி' என்று எழுதிவிட்டேன். அந்த மெசேஜ் ஆங்கிலத்தில் போனது என்பதோ, பஞ்சர் அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பதோ எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசிக் கேள்வி குடிப்பழக்கம் பற்றியது. பக்கத்தில் கல்லூரி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். நாகரிகமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினேன்.

"தண்ணி எப்படி?"

"அது இல்லாம முடியுமா சார்? காலையில எழுந்ததும் முதல் வேலையே அதுதான். ஓடுறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில், ஓடி முடிச்சதும் ஒரு பாட்டில்."

அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. கூச்சமே இல்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, 'தினமும், காலையிலிருந்தே' என்று எழுதினேன். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆளைப் பார்த்தாலே எடை போட்டுவிடுவேன் என்று ஒரு திமிர்.

மறுநாள் மாலை அறிக்கையை வாங்க அவருடைய மனைவி வந்தார். பக்கத்துத் தெருவில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது. அறிக்கையை உரியவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும்; அதற்கு விளக்கம் சொல்வது என் வேலையும் இல்லை. இரண்டையும் மீறினேன். தசைச் சோதனையின் முடிவு அதுவரை வந்திருக்கவில்லை. ஈரல் பகுதியில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற எண் நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, நூற்று நாற்பத்தெட்டு என்று நின்றது. படிவத்தையும் அதையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குள் ஒரு டாக்டர் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"அக்கா, அவருக்கு ஈரல் அடி வாங்கியிருக்கு. முதல்ல குடியை நிறுத்தச் சொல்லுங்க."

"குடியா? அவர் விட்டு ஆறு வருஷம் ஆச்சே தம்பி."

"அவர் வாயாலயே சொன்னாருக்கா. காலையில முதல் வேலையே அதுதானாம்."

 அந்த அக்கா அறிக்கையை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். இஞ்ச் டேப்பைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே படியிறங்கிப் போனார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு அன்று நான் தேநீர் குடித்தேன். அந்தத் தேநீரை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

புதன்கிழமை தசைச் சோதனையின் முடிவு வந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டிய எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எங்கள் கூடத்தின் தலைமை மருத்துவர் என்னை அழைத்தார்.

"இவர் எப்ப ஓடினார்?"

"வெள்ளிக்கிழமை மேடம்."

"கேட்டியா?"

நான் படிவத்தில் இருந்த என் கையெழுத்தையே பார்த்தேன். அவரே தொலைபேசியில் பல் டாக்டரைப் பிடித்தார். அவர் விசாரித்துச் சொன்னதில் தெரிந்தது: பஞ்சர் அண்ணன் ஞாயிறு மாலை தன்னந்தனியாக முப்பது கிலோமீட்டர் ஓடியிருந்தார்.

"எஸ்.ஜி.ஓ.டி. ஈரல்ல மட்டுமா இருக்கு? தசையிலயும் இருக்கு. முப்பது கிலோமீட்டர் ஓடினா தசை நொந்துபோய் அதுவும் ஏறும். குடிச்சா ஏறுற ஜி.ஜி.டி.யைப் பாரு, பத்தொன்பது. பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கு. இதெல்லாம் உனக்குப் பாடத்துல இருந்திருக்குமே?"

இருந்தது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அவருடைய மனைவியிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போ. நீயே போய்ச் சொல்லிட்டு வா. கோட்டைக் கழட்டி வச்சிட்டுப் போ."

பஞ்சர் கடையில் அவர் டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இரவில் நான்கு நாள் தாடி முளைத்தவர் போல ஆகியிருந்தார். மனைவியும் மகளும் நேற்றே மனைவியின் பெரியக்கா வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நான் நின்ற இடத்திலேயே நடந்ததையெல்லாம் கொட்டினேன். தண்ணி என்று நான் எதைக் கேட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. டியூப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா எனக்குத் தண்ணின்னா தண்ணிதான் தம்பி."

'சார்' போய்விட்டது. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியக்கா வீட்டுக்கு அவருடைய வண்டியிலேயே போனோம். வழியில் அவர் தன் கதையைச் சொன்னார், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல. குடித்தே ஒரு கடையைத் தொலைத்தது; மகள் பள்ளிக்கூட வாசலில் இருட்டும்வரை நின்றது; இன்னொரு முறை என்றால் பிள்ளையோடு போய்விடுவேன் என்று மனைவி சொன்னது. விட்ட பிறகும் தினமும் மாலை ஆறு மணிக்குக் கை நடுங்குமாம். அதனால் ஐந்தரைக்கே கடையைச் சாத்திவிட்டு, சாராயக் கடைக்கு எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தார். முதலில் செருப்போடு, பிறகு டியூப் துண்டு ஒட்டிய பழைய ஷூவோடு.

"மாரத்தானாவது ஒண்ணாவது? நான் ஆறு மணிகிட்டயிருந்து தப்பிச்சு ஓடினேன். ஓடிப் பாத்தா முப்பது கிலோமீட்டர் ஆயிடுச்சு."

பெரியக்கா கதவைத் திறந்ததும் அவரைப் பார்த்து, "வந்துட்டாரு தங்கப்பதக்கம்" என்றார். பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "இது யாரு, சாட்சியா?" என்றார்.

"குற்றவாளிக்கா" என்றேன்.

உள்ளே அந்த அக்கா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல சீப்பு நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"நேத்து அவரை வாசல்லயே நிறுத்தி 'ஊதுங்க'ன்னேன் தம்பி. ஆறு வருஷமா அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. பிள்ளை பாக்குது. இவரும் ஒண்ணும் கேக்காம ஊதினாரு. பாட்டிலைக்கூட மோந்து பாத்தேன். ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் என் மூக்கை நம்பலை, உங்க பேப்பரை நம்பினேன். படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

என் படிப்பை யாரும் அதற்கு முன் அப்படி நம்பியதும் இல்லை, இந்த அளவுக்கு அது என்னைச் சுட்டதும் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டம், ஏனோ கண்ணுக்கு முன்னால் வந்து தொங்கியது.

பஞ்சர் அண்ணன் கதவோரமாகவே நின்றிருந்தார். கோபம் இருந்ததா தெரியவில்லை. "வா, போலாம்" என்றும் அழைக்கவில்லை. மேடம் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

"என்ன எழுதியிருக்கு? படிங்க. அதையாவது சரியாப் படிங்க" என்றார் அக்கா.

"பத்து நாள் ஓடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கணும். அப்புறம் மறுபடி ரத்தம் பாக்கணும்." 'தண்ணீர்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் படித்தேன். மகள் களுக்கென்று சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பத்து நாளா?" அக்கா இப்போதுதான் கணவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ஆறு மணிக்கு என்ன பண்ணுவீங்க?"

 அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

"ஓடத்தானே கூடாது தம்பி? நடக்கலாமில்ல?"

"மெதுவா நடக்கலாம்க்கா."

அக்கா சீப்பைப் பெரியக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து செருப்பை மாட்டினார். இரண்டு பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு. அந்த இடைவெளி என்னால் வந்தது. முக்குத் திரும்பும்வரை அது குறைகிறதா என்று பார்த்தேன். குறைந்த மாதிரித் தெரியவில்லை.