மங்க வைத்த தட்டு

சூடேறிய இரும்பில் தேங்காயெண்ணெய் தீய்ந்தால் ஒரு வாசம் வரும். பணியாரக் கல்லை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, கிட்டத்தட்ட அது. நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், ஆயுத பூசைக்கு மறுநாள் சாயங்காலம் அந்த வாசத்தோடுதான் அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். முழங்கை சிராய்ந்து ரத்தம் காய்ந்திருந்தது, வேட்டி ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது, அவரோ ஒன்றுமே நடக்காதவர்போல "அவரக்கா மூட்டை மலையிலயே கெடக்குது, நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

எங்கள் ஊர் வத்தல்மலை அடிவாரத்தில். மலைக்குத் தார் ரோடு வந்த புதிதில் அப்பா பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். உப்பும் சோப்பும் பருப்பும் மேலே ஏற்றிக்கொண்டு போய், அவரைக்காயும் சாமையும் கீழே இறக்கிவருவதுதான் அவர் பிழைப்பு. முன்சக்கரத்தில் தட்டு பிரேக் வைத்த வண்டி ஊரில் அது ஒன்றுதான் என்பதால் 'டிஸ்க்கு வண்டிக்காரர்' என்று அவருக்குப் பெயரே விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிடாதீங்க என்று வாயால் சொல்வாரே தவிர, முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது. ஆயுத பூசையன்று மண்வெட்டி, கொடுவாள், அரிவாள்மணை என்று வீட்டிலிருந்த இரும்பையெல்லாம் துடைத்து எண்ணெய் பூசிப் பொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "இரும்புன்னா எண்ணெ காட்டணும், இல்லன்னா கோவிச்சுக்கும்" என்பார் அப்பா. மண்வெட்டிக்குக் காட்டியவர் தட்டுக்குக் காட்டாமல் விடுவாரா? எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா, பொட்டு வைத்தது நானும் தங்கச்சியும். குடும்பமே கூடி, சாமி பெயரைச் சொல்லி, அப்பாவின் உயிருக்கு எண்ணெய் தடவி வழுக்கிவிட்டோம், போங்கள்!

எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினையும் அணைத்துவிட்டு வருவது அப்பாவின் பழக்கம், "மலையே தள்ளி விடுது, பெட்ரோலு எதுக்கு?" என்று நியாயம் வேறு. எஞ்சின் இழுத்துப் பிடிக்காததால், மூட்டையின் கனமும் மலையின் இறக்கமும் சேர்ந்து அந்த ஒற்றைத் தட்டின் தலையில்தான் விடியும். சூட்டில் காய்ந்து காய்ந்து அது முன்னமே கண்ணாடிபோல வழவழத்துப் போயிருந்தது. அதன்மேல் எண்ணெயும் தீய்ந்து படிந்ததும், ஒரு கொண்டையூசி வளைவில் பிரேக் பிடிக்கவே இல்லை. அப்பா வண்டியை மலைப்பக்கத்து மண்ணில் சாய்த்து விழுந்ததால் தப்பித்தார். மறுபக்கம் சாய்ந்திருந்தால் பள்ளம்.

தருமபுரியில் உதிரிபாகம் விற்கிறவரிடம் கேட்டுவந்து, தட்டைக் கவ்விப் பிடிக்கும் பேடு எண்ணெய் குடித்துவிட்டது, புதிது போட வேண்டும், தட்டை மட்டும் வீட்டிலேயே தேய்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கை விரித்து முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டார். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரால் தட்டை இரண்டு பக்கமும் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்ததும், அம்மா உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். தேய்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் எண்ணம். ஆனால் குண்டான் விளக்குகிற கை அல்லவா, ஒரே வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. "இந்தா புள்ள, மினுக்காத, வழுக்கும்! குறுக்கும் நெடுக்குமா தேச்சு மங்க வெய்யி" என்று அப்பா கத்த, "வெளக்கி வெளக்கி மங்க வெக்கிற கூத்த இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்று அம்மா பதிலுக்குக் கத்த, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பளபளப்பெல்லாம் போய், மெல்லிய கோடுகள் விழுந்து, தட்டு சாம்பல் நிறத்துக்கு வந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தங்கச்சி தொடப் போனாள். அம்மா போட்ட சத்தத்தில் கோழி கூடப் பறந்தது.

தேய்த்த தூளைக் கழுவித் துடைத்து, புதுப் பேடு மாட்டி, ஏரிக்கரை ரோட்டில் கொஞ்சம் ஓட்டுவது, மெல்லப் பிடிப்பது, விடுவது, மறுபடி ஓட்டுவது என்று அப்பா பழக்கினார். சமதரையில் பிடித்தது. மலையில் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

மறுநாள் காலையில் அவர் கிளம்பியபோது அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வந்தா ரெண்டு பேரும் வருவோம்" என்றாள். வராவிட்டாலும் ரெண்டு பேரும்தான் என்பது அதிலேயே இருந்தது. அவளுக்கு அவர் வேண்டும், சரி. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், ரோட்டுப் புளியமரத்தடியில் மத்தியானம்வரை நின்றேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

எஞ்சின் இரைச்சலோடு வண்டி இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றது. அம்மாவின் பிடியில் அப்பாவின் சட்டை தோள்பட்டையில் கசங்கிக் கிடந்தது. "நல்லாப் புடிக்குதுடி" என்று சிரித்தாள். நான் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகுதான் அதைக் கேட்கத் துணிச்சல் வந்தது. "எங்கள வுட்டுட்டு எப்புடிம்மா போன?" அம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் பின்னாடி இருந்தா அந்த மனுசன் சாவியத் திருப்பமாட்டாருடி. உங்களுக்காவத்தான் போனேன்."

அந்த வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. மலைக்காய் இப்போது வேனில் இறங்குகிறது. எங்கள் வாசலில் உப்புத்தாள் பிடிக்க யாரும் சாக்கு விரிப்பதில்லை. மலைக்கு பஸ் போகிறது. முட்டிவலியால் அம்மாவால் இனி வண்டியில் ஏற முடியாது, அப்பாவுக்கோ பஸ் ஏறினால் குமட்டும். போன மாதம் மேலே ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, அம்மாவும் நானும் பஸ்ஸில் வர, அவர் தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். பின்கண்ணாடி ஓரமாகக் கடைசி சீட்டுதான் வேண்டுமென்று அம்மா அடம்பிடித்து உட்கார்ந்தாள். "இங்கருந்து பாத்தா, சாவி போட்டிருக்காரா இல்லையான்னு எப்புடிடி தெரியும்?" என்று முணுமுணுத்துவிட்டு, ஊர்க்கதை ஆரம்பித்தாள். ஒவ்வொரு வளைவிலும் அப்பா மறையும்போது அவள் பேச்சு நின்றுவிடும். அவர் தலை தெரிந்ததும், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள்.