தவளைகளின் மூச்சை எண்ணிய குளிர்காலம்

ஆறு வருஷத்துக்கு முன்னால், கொடைக்கானலுக்கும் மேலே மலைக்குள் இருக்கிற எங்கள் ஊர் போளூரில் இருந்த பூண்டுக் காடு தம்பி கைக்குப் போன பிறகு, டவுனில் ஒரு டாக்டரம்மா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் விலங்குகளின் உடம்பைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தவளையின் இதயம், ரத்தக்குழாய் எல்லாவற்றையும் அறுத்துப் பார்த்துப் படம் படமாக வரைந்திருந்தார். கூடத்துச் சுவர் முழுக்க அவைதான். மனுஷர் படம் ஒன்றுகூட இல்லை.

“அறுத்துப் பாத்தது போதுங்கக்கா. உசுரோட இருக்கையில என்ன செய்யுதுன்னு இனிமே பாக்கணும்” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், ஆறு தொட்டிகளில் ஈரப்பாசி பரப்பித் தவளைகளை வைத்திருந்தார். உறைபனிக் காலத்தில் அவற்றின் மூச்சு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. விடிகாலைக் குளிர் அவருக்கு ஆகாது, இளைப்பு வந்துவிடும். அதனால் எண்ணுவது என் வேலையாயிற்று. தவளையின் தொண்டை துடிப்பதை ஒரு நிமிஷம் எண்ணி, கொட்டகைச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரையும் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். நான் படித்த அஞ்சாம் வகுப்பு அதற்குப் போதும்.

எனக்கு யாரோடும் பேச வராது. அவரும் பேசுகிற ஆள் இல்லை. ஒரு நாளைக்கு இருவரும் சேர்ந்து பேசியது பத்து வார்த்தை தேறாது. தவளைகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் மட்டும் எனக்குத் தனியாக இருப்பதாகத் தோன்றாது.

தை மாதத்தில் மூன்று நாள் தொடர்ந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. தவளைகள் கல் மாதிரி விறைத்திருந்தன. எங்கள் ஊரில் அப்படிப் பனி விழுந்தால், பிறந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து கணப்பு நெருப்புக்குப் பக்கத்தில் போடுவோம். யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. தொட்டிகளை அடுக்களைக்கு எடுத்துவந்து கணப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். தொண்டை நன்றாகத் துடிக்க ஆரம்பித்ததும் கொட்டகையில் திரும்ப வைத்துவிட்டு எண்ணினேன். எழுதிய எண்ணில் பொய் இல்லை.

நாலாம் நாள் அவர் நோட்டோடு அடுக்களைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, குளிரு கூடக் கூட மூச்சும் கூடுது பாருங்க! இத யாருமே பாத்ததில்லக்கா!”

அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கையோடு தன் பழைய மாணவிக்குப் போன் செய்து, இதைக் கட்டுரையாக எழுதப் போவதாகச் சொன்னார்.

நான் செய்த காரியம் என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் தப்பான சேதி அவர் பேரில் அச்சில் ஏறிவிடும். இரண்டு நாள் டீயை வைத்துவிட்டு வாய் திறக்காமலே திரும்பினேன். மூன்றாம் நாள், நோட்டில் அந்தக் கணக்குகளின் ஓரத்திலேயே எழுதிவிட்டேன்: ‘மூணு நாளும் கணப்புக்கிட்ட வச்சு எடுத்தேன்.’

படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“எதுக்குக்கா வச்சீங்க?”

“குளுந்துச்சுங்கம்மா.”

“தவளைக்கா, ஒங்களுக்கா?”

காலி டம்ளரைக் கையில் எடுத்தேன்.

“நல்லவேள, கம்பளி போத்தி விடல” என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அந்த மாணவிக்குப் போன் செய்தார். நான் டம்ளரோடு அங்கேயே நின்றேன். “நான் சொன்னது தப்பும்மா. ஆமா, தப்புத்தான்... இல்ல, வேற யாருமில்ல. நான்தான் கவனிக்கல.”

நான் எழுதியதை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து போனால் கொட்டகையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சால்வையைச் சுற்றிக்கொண்டு அவரே தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க டீயப் போடுங்கக்கா. நா பாத்துக்கிறேன்.”

கோபத்தில் சொன்னாரா, என்னைக் குளிரில் நிறுத்த வேண்டாம் என்று சொன்னாரா, தெரியவில்லை. அடுக்களைக்குப் போய் டீ போட்டேன்.

பனிக்காலம் முடியும்வரை அவரேதான் எண்ணினார். நான் அடுக்களையில் உட்கார்ந்திருப்பேன். அவர் வாய்விட்டு எண்ணுவது கேட்கும். நடுவில் இருமல் வந்து எண்ணிக்கை விட்டுப்போகும்.  பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.